கொத்தமல்லி வேஷத்தில் கூற்றுவன்

உபாத்தியாயர்களுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. யார் எந்தக் கேள்வியைக் கேட்டாலும், "தெரியாது" என்று சொல்ல நாக்கு எழுவதில்லை. இருபது வருஷ காலம் கரும்பலகையின் முன் நின்று, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய தோஷம் அது. அந்தக் குணத்தினால் சென்ற சித்திரை மாதத்தில் நாம் செய்யவிருந்த பாதகம் ஒன்றை நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

நம் தமக்கையின் மகள் ஸ்காட்லாந்து தேசத்தில் எடின்பரோ நகரத்தில் மேல் படிப்புப் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவளிடமிருந்து கைப்பேசியில் ஒரு படம் வந்தது. ஆற்றோரத்து ஈர நிலத்தில், சீப்பினால் வாரிவிட்டாற்போல் நுணுக்கமாய்ப் பிளந்த பச்சைத் தழை மண்டிக் கிடந்தது. அதனுடன் ஒரு செய்தியும் இருந்தது.

"மாமா! இங்கே கொத்தமல்லி கேட்பாரற்றுக் காடாய் வளர்ந்திருக்கிறது. கடையில் ஒரு சின்னக் கட்டு விற்கிற விலையைச் சொன்னால் அம்மா மயக்கம் போட்டு விழுந்துவிடுவாள். இது நம் கொத்தமல்லிதானே? ராத்திரி ரசத்துக்குக் கிள்ளிப் போடலாமா?"

நாம் படத்தைப் பார்த்தோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தோம். "சந்தேகம் என்ன, கொத்தமல்லிக் குடும்பந்தான்!" என்று பதில் அனுப்பிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டோம்.

அரை மணி கழித்து இரண்டாவது படம் வந்தது. "மாமா, தண்டெல்லாம் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறதே, கழுவினாலும் போகவில்லை. கசக்கி முகர்ந்தால் எலி வளை மாதிரி நாற்றம் அடிக்கிறது. குளிர் தேசத்துக் கொத்தமல்லி இப்படித்தானோ?"

அதைப் படித்ததும் நமக்குக் கை நடுங்கியது. அந்த ஊதாத் திட்டுகளை நாம் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. ஆனால், கல்லூரியில் தாவர சாஸ்திரப் புத்தகத்தில் படித்த ஒரு வரி, இத்தனை வருஷங்களுக்குப் பிறகு இடி முழக்கம் போல் நினைவுக்கு வந்தது. உடனே தொலைபேசியில் அழைத்து, "அம்மா! அந்தத் தழையை வாயில் வைக்காதே! ரசத்தில் போட்டாயா?" என்று கத்தினோம். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது, தழை இன்னும் நறுக்கும் பலகையின் மேலேயே கிடந்தது. போன உயிர் நமக்குத் திரும்பி வந்தது.

மறுநாள் தாவர சாஸ்திரம் பயிலும் அவளுடைய சிநேகிதி ஒருத்தி அந்தத் தழையைப் பார்த்துவிட்டு உறுதி சொன்னாள். அது ஹெம்லாக் என்னும் செடி. ஏதன்ஸ் நகரத்துச் சிறைச்சாலையில் ஸாக்ரடீஸின் உயிரைக் குடித்த அதே செடி.

அஞ்சறைப் பெட்டியின் உறவினன்

நாம் எழுதிய பதில் முழுப் பொய்யும் அன்று என்பதே இதில் வேடிக்கை. குடும்பம் சரிதான், ஆள்தான் வேறு.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தனியா, சீரகம், சோம்பு இவை மூன்றும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. குழந்தைக்கு வயிறு உப்பினால் தேடுகிற ஓமமும், சாம்பாருக்கு மணம் கொடுக்கிற பெருங்காயமும் அதே குலம். காரட்டு அந்தக் குலம். ஞாபக சக்திக்கென்று பரீட்சைக் காலத்தில் தாய்மார்கள் தேடிப் பிடித்து ஊட்டுகிற வல்லாரையும், பார்வைக்குச் சிறிதும் ஒவ்வாவிட்டாலும், அந்தக் குலத்தின் தாயாதிதான். பூங்கொத்து ஒரு காம்பின் நுனியிலிருந்து குடைக் கம்பிகளைப் போல விரிந்து நிற்பதால், இதைக் குடைப் பூக் குடும்பம் என்று சொல்லலாம். ஏறக்குறைய மூவாயிரத்து எழுநூறு இனங்கள் கொண்ட பெருங் குடும்பம் இது.

இத்தனை உபகாரிகள் பிறந்த குலத்திலே ஒரு கொலைகாரனும் பிறந்திருக்கிறான். அவனுடைய சாஸ்திரப் பெயர் கோனியம் மாகுலேட்டம். 'மாகுலேட்டம்' என்ற லத்தீன் சொல்லுக்குப் 'புள்ளிகள் உடையது' என்று பொருள். பெயர் வைத்தவர்கள் எச்சரிக்கையையும் பெயரோடு சேர்த்தே வைத்துவிட்டார்கள், படிக்கிறவர்கள்தாம் கவனிப்பதில்லை.

ஐரோப்பாவும், மேற்கு ஆசியாவும், வட ஆப்பிரிக்காவும் இச்செடியின் தாயகம். பிற்காலத்தில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து முதலிய தேசங்களுக்கும் குடியேறிவிட்டது. அமெரிக்காவுக்கு அதை அழகுச் செடி என்று எண்ணித் தோட்டத்தில் வைக்கக் கொண்டுபோனவர்களும் உண்டு. இப்போது சாலை ஓரம், வாய்க்கால் கரை, பயிரிடாத நிலம் ஆகிய இடங்களிலெல்லாம் அது தன் இஷ்டப்படி வளர்கிறது.

இதற்கு ஆயுள் இரண்டு வருஷம். முதல் வருஷத்தில் தண்டு உயராது. தரையோடு தரையாக இலைக்கொத்து மட்டும் விரிந்திருக்கும். ஏமாற்றுவதற்கு அதுவே தகுந்த பருவம். கொத்தமல்லி என்று நாம் நினைக்கலாம். மேல்நாட்டார் தங்கள் ஆகாரத்தில் தூவிக்கொள்ளும் பார்ஸ்லி என்று நினைக்கலாம். காரட்டுத் தழை என்றும் நினைக்கலாம். அடியில் இருக்கும் வெளுத்த வேரும் காரட்டைப் போன்றதே. இரண்டாவது வருஷத்தில் தண்டு ஓங்கி வளர்ந்து ஆள் உயரத்தையும் தாண்டிவிடும். உச்சியில் வெள்ளைப் பூக்கள் குடை குடையாக விரியும். காய்களைப் பார்த்தால் சோம்போ என்று மயங்கத் தோன்றும். இலை, வேர், பூ, காய் எல்லாவற்றிலும் விஷம்.

அடையாளங்கள் இல்லாமல் இல்லை. தண்டு உள்ளே குழாய் போல் வெற்றாக இருக்கும். வெளியே ஒரு ரோமம்கூட இன்றி வழுவழுப்பாக இருக்கும். அதன்மேல் ஊதாத் திட்டுகள் காணப்படும். காட்டுக் காரட்டு என்னும் நிரபராதிச் செடியின் தண்டிலோ ரோமம் உண்டு. ஹெம்லாக்கைக் கசக்கினால் எலி நாற்றம் அடிக்கும். ஆயினும் இளஞ் செடியில் ஊதாத் திட்டுத் தெளிவாகத் தெரியாமற் போகலாம். ஜலதோஷம் பிடித்த மூக்குக்கு நாற்றம் எட்டாமற் போகலாம். ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி உயிரைப் பணயம் வைக்கலாகாது.

ஏதன்ஸ் நகரத்துக் கிண்ணம்

கிறிஸ்து பிறப்பதற்கு 399 ஆண்டுகளுக்கு முன் ஏதன்ஸ் நகரத்தில் ஸாக்ரடீஸ் விசாரணைக்கு நின்றார். அப்போது அவருக்கு வயது எழுபது. நகரத்துத் தெய்வங்களை மதிக்கவில்லை என்பது ஒரு குற்றச்சாட்டு. இளைஞர்களைக் கெடுத்தார் என்பது மற்றொன்று. இரண்டாவது குற்றச்சாட்டு எந்தக் காலத்திலும் உபாத்தியாயர்களை விட்டதில்லை!

மரண தண்டனை விதித்தாகிவிட்டது. ஆனால் டெலாஸ் தீவுக்குச் சென்ற புனிதக் கப்பல் திரும்பி வரும் வரையில் நகரத்தில் எவரையும் கொல்லலாகாது என்பது மரபு. அதனால் சுமார் முப்பது நாள் அவர் சிறையிலே காத்திருந்தார். தப்பிச் செல்ல நண்பர்கள் வழி செய்தும் இணங்கவில்லை. கப்பல் வந்தது, கிண்ணமும் வந்தது.

அந்தக் கடைசி நாளைப் 'பீடோ' என்னும் நூலில் பிளேட்டோ வர்ணித்திருக்கிறார். தாம் நோயுற்றிருந்ததால் அன்று அங்கே இல்லை என்பதையும் அவரே அதில் குறிப்பிட்டுவிடுகிறார். கிண்ணம் கொண்டுவந்தவனிடம், செய்ய வேண்டியது என்ன என்று ஸாக்ரடீஸ் கேட்டார். குடித்துவிட்டுக் கால் கனக்கும் வரையில் உலாவ வேண்டும், பிறகு படுத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் சொன்னான். அவர் அப்படியே செய்தார். சிறிது நேரம் கழித்து அவன் அவர் பாதத்தை அழுத்திப் பார்த்து, தெரிகிறதா என்று கேட்டான். தெரியவில்லை என்றார். அந்த மரத்த தன்மை பாதத்திலிருந்து முழங்காலுக்கும், பிறகு இடைக்கும் ஏறியது. அறிவோ கடைசிவரை கலங்கவில்லை. வைத்தியத் தெய்வத்துக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறவாமல் செலுத்திவிடு என்று தம் நண்பர் கிரீட்டோவிடம் சொல்லிவிட்டுக் கண் மூடினார்.

எண்பத்தொரு வருஷங்கள் கழித்து, அதே நகரத்தார் போஸியன் என்ற முதிய தளபதியையும் அதே விதமாகக் கொன்றார்கள். அவரோடு தண்டனை பெற்ற நண்பர்கள் முதலில் குடித்ததில் விஷம் தீர்ந்துபோயிற்று. பன்னிரண்டு டிராக்மா கொடுத்தாலன்றி மறுபடி அரைக்க மாட்டேன் என்று காவலன் சொல்லிவிட்டானாம். ஏதன்ஸில் காசு கொடுக்காமல் சாகக்கூட முடியாதா என்று போஸியன் ஒரு நண்பரை அழைத்து அந்தப் பணத்தைக் கொடுக்கச் சொன்னதாகப் புளூடார்க் எழுதியிருக்கிறார்.

எடின்பரோத் தையற்காரர்

ஸாக்ரடீஸின் மரணத்தை உலகம் முழுவதும் அறியும். ஆனால் நம் நெஞ்சை அதைவிட அதிகமாய் உருக்குவது ஓர் ஏழைத் தையற்காரரின் மரணம். நம் மருமகள் இருக்கும் அதே எடின்பரோ நகரத்தில், 1845-ஆம் ஆண்டில் நடந்தது அது.

அவர் பெயர் டங்கன் கோ. வறுமையான குடும்பம். ஒருநாள் அவருடைய குழந்தைகள் பச்சைத் தழை பறித்து வந்தார்கள். பார்ஸ்லி என்று எண்ணி, அதை ரொட்டித் துண்டுகளின் நடுவே வைத்துத் தகப்பனாருக்குக் கொடுத்தார்கள். குழந்தைகள் அன்போடு நீட்டியதை எந்தத் தகப்பன் வேண்டாம் என்பான்? அவர் உண்டார்.

சிறிது நேரத்திற்கெல்லாம் கால்கள் தளர்ந்தன. நடை தள்ளாடிற்று. பார்த்தவர்கள் குடித்துவிட்டிருக்கிறான் என்று எண்ணினார்கள். பிறகு நிற்கவே முடியவில்லை; கைகளும் செயல் இழந்தன. ஆனால் புத்தி தெளிவாகவே இருந்தது. சில மணி நேரத்தில் மூச்சு நின்றது.

அந்நகரத்து வைத்திய நிபுணர் ஜான் ஹ்யூஸ் பென்னெட் என்பவர் இந்த மரணத்தை ஆராய்ந்தார். இறந்தவரின் வயிற்றில் கிடந்த தழையைச் சோதித்து, அது பார்ஸ்லி அன்று, ஹெம்லாக் என்று கண்டார். அந்த வருஷமே விவரங்களை வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். காலில் தொடங்கி மேலேறிய தளர்ச்சி, கலங்காத அறிவு, வலிப்பு இல்லாத முடிவு என்று பிளேட்டோ எழுதிவைத்ததை, ஈராயிரத்து இருநூறு வருஷங்களுக்குப் பின் ஒரு தையற்காரரின் மரணம் மெய்ப்பித்தது.

தத்துவ ஞானி தெரிந்து குடித்தார். தையற்காரர் தெரியாமல் உண்டார். அந்த ஞானியின் கிண்ணத்தை நீட்டியவன் கூலிக்கு வேலை செய்த சிறைச் சேவகன். இந்தத் தகப்பனுக்கு நீட்டியவர்களோ பெற்ற பிள்ளைகள். அந்தக் குழந்தைகள் பிற்காலத்தில் எவ்வாறு உறங்கினார்களோ! நம் மருமகளின் ரசப் பாத்திரத்தை நினைக்கும்போதெல்லாம் அவர்கள் நினைவும் கூடவே வந்து, நம்மையும் உறங்கவிடாமல் செய்கிறது. நாம் அனுப்பிய பதிலும் அன்பினால் அனுப்பியதுதானே?

விஷம் செய்யும் வேலை

இச்செடியின் விஷத்திற்குக் கோனீன் என்று பெயர். 1886-ஆம் ஆண்டில் லாடன்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி இதைச் சோதனைச்சாலையிலேயே செய்து காட்டினார். தாவரங்களில் உண்டாகும் ஆல்கலாய்டு வகைப் பொருள்களில் மனிதன் முதன் முதலில் செயற்கையாகச் செய்தது இதுவே.

நம் மூளை 'நட' என்று உத்தரவிட்டால், அந்த உத்தரவு நரம்பு வழியே ஓடித் தசையின் வாசலைத் தட்டுகிறது. கோனீன் அந்த வாசலில் பூட்டுப் போட்டுவிடுகிறது. உத்தரவு வருகிறது; தசை அசைவதில்லை. முதலில் கால்கள், பிறகு கைகள், கடைசியில் மூச்சை இழுத்து விடும் தசைகள் அடங்குகின்றன. மூளையை மட்டும் அது பெரும்பாலும் தொடுவதில்லை. நடப்பது இன்னதென்று அறிந்துகொண்டே, அசைய முடியாமல் கிடக்க வேண்டும்.

இதற்கு மாற்று மருந்து இன்று வரை கிடையாது. ஆனாலும் கை விட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் யந்திரத்தின் மூலம் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால், உடம்பு தானாகவே விஷத்தை வெளியேற்றிவிடும். அதுவரை தாக்குப் பிடித்தவர்கள் பிழைப்பதுண்டு. ஆகையால் காலம் கடத்தாமல் கொண்டு சேர்ப்பதுதான் உயிரைக் காக்கும். சமைத்துவிட்டால் விஷம் போய்விடும் என்று நம்புவது பேதைமை.

மிருகங்களையும் அது விடுவதில்லை. சினைப் பசு இதை மேய்ந்தால், பிறக்கும் கன்று கால் கோணிப் பிறப்பதுண்டு. வெற்றுத் தண்டை வெட்டி ஊதுகுழல் செய்து விளையாடிய சிறுவர்கள் விஷத்துக்கு ஆளானதும் உண்டு.

இதெல்லாம் பழங்கதை, படித்தவர்கள் நிறைந்த இக்காலத்தில் நடக்குமா என்று கேட்கலாம். அதே ஸ்காட்லாந்தில், ஆர்கைல் பகுதிக்கு விடுமுறைக்குச் சென்ற இளைஞர்கள் எட்டுப் பேர், நீரோரத்தில் கிடைத்த கிழங்குகளை உண்ணத் தகுந்தவை என்று எண்ணிக் கறி சமைத்துத் தின்றார்கள். அது ஹெம்லாக்கின் கொடிய பங்காளியான வேறொரு நீர்ச்செடி, வலிப்பை உண்டாக்குவது. நான்கு பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நல்வேளையாக எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

நம் வேலியிலும் உண்டு

அயல் நாட்டுச் செடியைப் பற்றி நமக்கென்ன என்று இருந்துவிடவும் முடியாது. நம்மவர் வீடுகள் பலவற்றில், பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து இருக்கிறார்கள். ஹெம்லாக் அவர்கள் நடக்கும் பாதையோரத்தில் நிற்கிறது. இங்கேயும் இதே வேஷதாரிகள் வேறு பெயரில் உண்டு.

மழைக்காலத்தில் வேலிகளின் மேல் தீக்கொழுந்து போலப் பூத்து நிற்கும் செங்காந்தளை நேயர்கள் பார்த்திருப்பார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் மலர்களில் முதலாவது காந்தள்தான். இன்று தமிழ் நாட்டின் அரசு மலரும் அதுவே. ஆனால் அதன் கிழங்கில் கோல்ச்சிசின் என்னும் கடும் விஷம் இருக்கிறது. வள்ளிக்கிழங்கு என்று மயங்கி அதைத் தின்று மாண்டவர்கள் தமிழ் நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. சில மணி நேரம் ஒன்றுமே தெரியாது. பிறகுதான் வாந்தியும் பேதியும் தொடங்கும். அழகும் ஆகாரமும் ஒன்றல்ல என்பதற்கு இந்த மலரைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் பாட்டிமார்கள் வரப்போரத்தில் கீரை பறித்தே குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். இலையின் அமைப்பு, தண்டின் நிறம், கிள்ளினால் வரும் மணம், முளைக்கும் இடம், முளைக்கும் மாதம் ஆகிய அத்தனையும் ஒத்து வந்தாலன்றி மடியில் கட்ட மாட்டார்கள். அந்த அறிவு பிறந்த மண்ணோடு ஒட்டியது. அதைப் பெட்டியில் வைத்து விமானம் ஏற்றி அனுப்ப முடியாது. தஞ்சாவூர் வரப்பில் கற்றது எடின்பரோ ஆற்றங்கரையில் செல்லாது. பாட்டியிடமிருந்து நாம் எங்கும் கொண்டு போகக் கூடியது ஒன்றே ஒன்றுதான்: தெரியாத தழையை அவள் தொட மாட்டாள்.

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. அயலூரில் தானாக வளர்ந்த எதையும், அவ்வூரில் பிறந்து அச்செடியை அறிந்தவர் நேரில் பார்த்துச் சொல்லாமல், சமையலில் சேர்க்க வேண்டாம். படத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் மாமாக்களையும் யந்திரங்களையும் நம்ப வேண்டாம். கண்ட இலையைக் கடிக்கலாகாது, கண்ட தண்டை ஊதலாகாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். தவறி உண்டுவிட்டால், உபாதை தெரியட்டும் என்று காத்திராமல், கை வைத்தியம் செய்துகொண்டிராமல், உண்ட தழையில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் ஊரானால் 108-ஐ அழைக்கலாம். அந்த ஒரு துண்டுத் தழை வைத்தியருக்கு ஆயிரம் கேள்விகளை மிச்சப்படுத்தும்.

அன்று இரவு நம் மருமகள் கொத்தமல்லி இல்லாமலே ரசம் சாப்பிட்டாள். "பரவாயில்லை மாமா, பெருங்காய மணம் தூக்கலாக இருந்தது" என்று எழுதியிருந்தாள். பெருங்காயமும் அந்தக் குடும்பந்தான் என்று பதில் எழுத விரல் துடித்தது. அடக்கிக்கொண்டோம்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று முதல் வகுப்பில், ஒரு பையன் கையில் ஏதோ ஓர் இலையைக் கொண்டுவந்து, "ஸார், இது என்ன செடி?" என்று கேட்டான். நாம் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். "தெரியாதப்பா. கையைக் கழுவிவிட்டு வா, தெரிந்தவர் ஒருவரை இரண்டு பேரும் போய்க் கேட்போம்" என்றோம். இருபது வருஷத்தில் நாம் சொன்ன பதில்களில் அதுவே உத்தமமான பதில் என்று இப்போது தோன்றுகிறது.